வீட்டு ஆள் இறங்கக் கூடாது

எங்கள் வீட்டில் கோபக்காரி நான், தங்கமான பிள்ளை தம்பி. இதை அம்மா சொல்வாள், அப்பா சொல்வார், லீவு நாளான வெள்ளிக்கிழமை சர்ச்சில் பூசைக்கு வருகிற ஊர்ச்சனமும் சொல்லும். பொய் இல்லை. நான் தட்டை விட்டெறிந்திருக்கிறேன், டிவி ரிமோட்டைச் சுவரில் அடித்து உடைத்திருக்கிறேன், பள்ளிக்கூட பஸ் டிரைவரோடு மல்லுக்கட்டிப் பாதி வழியில் இறங்கி வெயிலில் வீடுவரை நடந்திருக்கிறேன். தம்பிக்குக் கோபமே வராது. பசித்தால்கூட இரண்டாவது தடவை கேட்க மாட்டான். அதனால் வீட்டில் எல்லார் கண்ணும் என் மேலேயே இருந்தது. அவனை யாரும் பார்க்கவில்லை.

அது இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில். துபாய்க்குப் பக்கத்தில் அஜ்மானில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தோம். வாடகை குறைவு என்பதால் அங்கே இருந்தோம், மற்றபடி அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல நல்லதாக ஒன்றுமில்லை. அப்பா துபாயில் ஏசி டெக்னீஷியன். விடியுமுன் கம்பெனி வேன் ஏறினால் இருட்டிய பிறகுதான் முகத்தைப் பார்க்கலாம். அம்மா ஷார்ஜாவில் ஒரு கிளினிக்கில் நர்ஸ், ஷிஃப்ட் டியூட்டி. எனக்குப் பத்தொன்பது வயது. பன்னிரண்டாவது முடித்துவிட்டு, பக்கத்துத் தெருவில் ஒரு டைப்பிங் சென்டரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

டைப்பிங் சென்டர் என்பது விசா, லேபர் கார்டு, வாடகைப் பத்திரம் எல்லாவற்றுக்கும் அரபியில் விண்ணப்பம் அடித்துக் கொடுக்கிற கடை. பள்ளியில் கட்டாயத்துக்குப் படித்த அரபி எனக்கு அங்கேதான் சோறு போட்டது. புது விசா அடிக்கும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர் சிரித்துக்கொண்டிருப்பார். விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்புகிற கேன்சல் அடிக்கும்போது எதிரே இருப்பவருக்கு என் விரலைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இருக்காது. ஒருநாள் ஒரு அம்மா இரண்டு சின்னப் பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்தாள். அவளுடைய மூத்த மகன் எவனையோ அடித்து போலீஸ் கேஸ் ஆகிவிட்டது. அந்த அலைச்சலில் வேலைக்குப் போகாமல் இருந்த தகப்பனை கம்பெனி வேண்டாமென்று சொல்லிவிட்டது. தகப்பனுக்குக் கேன்சல் என்றால் அவன் பேரில் இருக்கிற மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கேன்சல். ஒரு பையன் ஒரே ஒரு சாயங்காலம் கை நீட்டியதற்கு ஐந்து தாள் அடித்தேன். அன்று வீட்டுக்குப் போய்த் தம்பியிடம் இதைச் சொன்னேன். “ம்” என்றான்.

எங்கள் பால்கனிக்குக் கீழே ஒரு மணல் திடல் இருந்தது. பாதி பார்க்கிங், பாதி கிரிக்கெட். சாயங்காலமானால் சுற்றுக் கட்டடத்துப் பையன்கள் எல்லாம் அங்கேதான். மலையாளி, பாகிஸ்தானி, நம்மாட்கள், இலங்கைக்காரர்கள் என்று எல்லாரும் கலந்து கிடப்பார்கள். அந்தத் திடலுக்கென்று சில சட்டங்கள் இருந்தன. அடி வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டும். யாரையும் காட்டிக் கொடுக்கக் கூடாது. எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம், வீட்டு ஆள் இறங்கி வரக் கூடாது.

அந்தச் சட்டத்தைத் தம்பி பதின்மூன்று வயதில் கற்றுக்கொண்டான். அவனுடைய புது கிரிக்கெட் பேட்டை யாரோ பிடுங்கிக்கொண்டதும், மாடிக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னான். டியூட்டி முடிந்து வந்த அம்மா வெள்ளை உடுப்போடு கீழே இறங்கி, அத்தனை பையன்களையும் நிற்க வைத்துத் திட்டிவிட்டு, பேட்டை வாங்கிக்கொண்டு வந்தாள். பேட் வந்தது, தம்பியின் மானம் போயிற்று. அதற்குப் பிறகு ஒரு வருடம் அவனுக்குப் பெயரே ‘கம்ப்ளெயிண்ட்’. பந்து பொறுக்கத்தான் விட்டார்கள். அவனும் ஒரு வருடம் முகம் சுளிக்காமல் பந்து பொறுக்கினான். நானாக இருந்தால் இரண்டாம் நாளே பேட்டை உடைத்துப் போட்டுவிட்டு வந்திருப்பேன்.

அந்தப் பெயரை அழிக்க அவன் செய்தது வீட்டில் எனக்கு மட்டும் தெரியும். தெருமுனையில் மலையாளிச் சேட்டன் வைத்திருந்த குரோசரியில் காசு கொடுக்காமல் சாக்லேட் எடுத்துக் காட்டு என்று பந்தயம் கட்டியிருக்கிறார்கள். எடுத்துக் காட்டியிருக்கிறான், ஒரு தடவை அல்ல, நாலு தடவை. அகப்படவே இல்லை. ராத்திரி சாப்பிடும்போது யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல என்னிடம் சொன்னான்.

“பயமா இல்லையாலே?”

“இல்ல. ஒரு வாரம் கவனிச்சேன். சேட்டன் ஃபோன் எடுத்தாருன்னா முப்பது செகண்டுக்குத் திரும்பவே மாட்டாரு.”

எனக்குத்தான் பயம் வந்தது. சாக்லேட்டுக்காக அல்ல, அந்த ஒரு வாரத்துக்காக. என்னைப் போன்றவர்கள் செய்கிற தப்பு உடனே வெடித்து உடனே அணைந்துவிடும். இவன் பொறுமையாகத் தப்புச் செய்கிறான் என்பது எனக்கு அன்றைக்கே புரிந்தது. ஆனாலும் வீட்டில் சொல்லவில்லை. காட்டிக் கொடுக்கக் கூடாது என்ற சட்டம் மாடிப்படி ஏறி என்னையும் பிடித்திருந்தது போல.

அவனுக்குப் பதினாறு ஆனபோது திடலில் பெரியவனாக ஒரு யாழ்ப்பாணத்துப் பையன் இருந்தான். தம்பியைவிட ஒரு வயது மூத்தவன். தாய் ஆபீஸ் துடைக்கிற வேலை செய்தாள். இவன் பத்தாவதோடு படிப்பை விட்டு, கார்களுக்குக் கண்ணாடி ஃபிலிம் ஒட்டுகிற கடையில் நின்றான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தத் திடலில் அவன் சொன்னதுதான் நடக்கும்.

ஒரு சாயங்காலம் நான் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே அவுட்டா இல்லையா என்று வாக்குவாதம். தம்பி அவுட் இல்லை என்று நின்றான். அந்தப் பையன் காலில் கிடந்த செருப்பைக் கழற்றி, அத்தனை பேர் முன்னாலும் தம்பியின் கன்னத்தில் அடித்தான். என் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டேன். தம்பி அண்ணாந்து என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று தலையை லேசாக அசைத்தான். பிறகு ஸ்டம்பைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு, நடந்து மேலே வந்தான்.

முகம் கழுவினான், சாப்பிட்டான், கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் முன்னால் போய் நின்றேன்.

“நீ எதுவும் பாக்கல, சரியா?” என்றான்.

“உன்னச் செருப்பால அடிச்சிருக்கான்லே.”

“நீ பாக்கலன்னு சொன்னேன். அம்மாட்டச் சொன்னா அவ திரும்பவும் இறங்கிப் போவா. அப்புறம் நான் இங்க இருக்கவே முடியாது.”

சரி என்றேன். சாக்லேட்டை விட்டால் நான் அதுவரை காப்பாற்றிய ஒரே ரகசியம் அதுதான். அதைக் காப்பாற்றியிருக்கவே கூடாது.

அடுத்த நாளிலிருந்து அவன் திடலுக்குப் போகவில்லை. பள்ளி, வீடு, படிப்பு. அம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம், பையன் பரீட்சைக்கு ஒதுங்கிவிட்டான் என்று. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. பால்கனிக் கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்துக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டே இருப்பான். எவன் எந்த நேரம் வருகிறான், யாரோடு போகிறான் என்று அவனுக்குத் தலைகீழாகத் தெரிந்திருக்கும். குரோசரிக்காரரைக் கவனித்த அதே பார்வை.

ஒரு மாதம் கழித்து, குளியலறையில் வாட்டர் ஹீட்டருக்குப் பின்னால் அதைக் கண்டேன். முழங்கை நீளத்துக்கு ஒரு செம்புக் குழாய், அப்பாவின் வேலைப் பையில் இருப்பது. ஒரு முனையில் பேட் பிடிக்குச் சுற்றுகிற டேப்பை அழகாகச் சுற்றியிருந்தான். அந்த அழகுதான் என்னைப் பயமுறுத்தியது. அவன் பள்ளியிலிருந்து வந்ததும் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“என்னதுலே இது?”

“குழாய்.”

“நம்ம நாலு பேருக்கும் சேத்து நானே உக்காந்து கேன்சல் அடிக்கணுமா? அதத்தான் நினைச்சிட்டிருக்கியா?”

“கத்தாதக்கா. ஒண்ணும் நடக்கல.”

குழாயைக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டேன். பத்து நாளில் அதே இடத்தில் இன்னொன்று, அதே டேப். நான் அதைத் தொடவில்லை. தொட்டால் வேறு இடத்தில் வைப்பான்; இங்கே இருந்தாலாவது கண்ணில் படும் என்று நினைத்தேன். தினமும் காலையும் மாலையும் ஹீட்டருக்குப் பின்னால் கைவிட்டுப் பார்ப்பேன். குழாய் கையில் பட்டால் அன்றைக்கு மூச்சு விடலாம். அப்பாவிடம் சொன்னால் மறுவாரமே அவனை ஊருக்கு அனுப்பி ஹாஸ்டலில் போட்டுவிடுவார். பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அது முடிந்துவிட்டால் போதும் என்று நாட்களைத் தள்ளினேன்.

செருப்படி விழுந்து மூன்று மாதம் இப்படியே ஓடியது. அந்த வெள்ளிக்கிழமை காலை பூசைக்குக் கிளம்புமுன் கைவிட்டுப் பார்த்தேன். ஹீட்டருக்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

பூசையில் என்ன பிரசங்கம், யார் யாரைப் பார்த்தோம் என்று ஒன்றும் நினைவில்லை. தம்பி எனக்கு முந்தின பெஞ்சில் முழங்காலில் இருந்தான். அவன் சட்டைக்குள் ஏதாவது தெரிகிறதா என்று முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து மீன்குழம்பு சாப்பிட்டோம். அப்பாவும் அம்மாவும் படுத்துவிட்டார்கள். வாரத்தில் அந்த ஒரு மத்தியானம்தான் அவர்கள் சேர்ந்து தூங்குவது. “குரோசரிக்குப் போயிட்டு வாரேன்” என்று தம்பி சாதாரணமாகச் சொல்லிவிட்டு இறங்கினான்.

நான் பால்கனிக்கு ஓடினேன். திடலில் ஒரு பத்துப் பேர் வட்டமாக நின்றார்கள். நடுவில் யாழ்ப்பாணத்துப் பையன். யாரும் விளையாடவில்லை, கையில் பந்தும் இல்லை. தம்பி குரோசரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தான். பைக்குள் கண்ணாடி பாட்டில்கள் இரண்டு இருந்தது மூன்றாவது மாடிக்குத் தெரிந்தது. குழாய் இல்லாமல் பாட்டிலா என்று நினைத்தேனோ, ஒன்றுமே நினைக்கவில்லையோ, தெரியாது. அப்பாவை எழுப்பியிருக்கலாம், மேலேயிருந்து கூப்பிட்டிருக்கலாம். லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியில் இறங்கி ஓடினேன்.

வட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது தம்பி அந்தப் பையனின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். பையிலிருந்து ஒரு பாட்டிலைக் கையில் எடுத்திருந்தான். நான் அவன் தோளைப் பிடித்துத் திருப்பி ஓங்கி ஒரு அறை விட்டேன். “வீட்டுக்கு வாலே, குடியக் கெடுக்கவா பிறந்த” என்று கத்தினேன். செருப்பு விழுந்த அதே கன்னம்.

தம்பி என்னைப் பார்க்கவில்லை. சுற்றி நின்றவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். யாரோ ஒருவன் சிரித்தான். பிறகு அந்த யாழ்ப்பாணத்துப் பையனும் சிரித்தான். தம்பியின் கை மேலே போனதைக் கண்டேன், அவ்வளவுதான். பாட்டில் அந்தப் பையனின் காதோடு சேர்ந்து உடைந்தது. மணலில் விழுந்தவனின் தலைப்பக்கம் சிவப்பாக ஊறியது. எல்லாரும் ஓடினார்கள். தம்பி ஓடவில்லை. போலீஸ் வருகிறவரை அங்கேயே நின்றான்.

தம்பியைச் சிறுவர் சிறையில் ஐந்து வாரம் வைத்திருந்தார்கள். அந்தப் பையன் பிழைத்துக்கொண்டான், ஒரு காது மட்டும் கேட்காமல் போய்விட்டது. அம்மா தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய் அவன் கட்டிலருகே நின்றாள். கடைசியில் அவனுடைய தாய் மன்னித்துவிட்டதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அந்தக் கையெழுத்தால்தான் எங்கள் குடும்பம் அங்கே நின்றது. அந்த அம்மாளின் காலில் விழுந்திருக்க வேண்டும். வெட்கத்தில் நான் எதிரிலேயே போகவில்லை.

தம்பி வீட்டுக்கு வந்த அன்று அப்பா லீவு போட்டிருந்தார். யாரையும் திட்டவில்லை. கட்டிலில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார். தம்பி கதவோரம் நின்றான்.

“ஏட்டி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். உண்மையச் சொல்லு. அவன் கோவத்துல அடிச்சானா, இல்ல மனசுல வச்சிருந்து அடிச்சானா? கோவம்னா இங்கயே வச்சுத் திருத்திருவேன். கோவம் எல்லாருக்கும் வரும், உனக்கு வராததா? ஆனா வச்சிருந்து அடிச்சான்னா இந்த ஊர்ல வச்சு என்னால அவனக் காப்பாத்த முடியாது.”

நான் மூன்று மாதம் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன். செருப்படி, பால்கனிக் கதவு, முதல் குழாய், இரண்டாவது குழாய், அது காணாமல் போன வெள்ளிக்கிழமை, பாட்டில். “மூணு மாசமாத் திட்டம் போட்டான்ப்பா” என்றேன். சொல்லும்போது எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சரி” என்றார்.

அவனுடைய கேன்சல் தாளை நான்தான் அடித்தேன். வேறு கடையில் கொடுக்கலாம் என்று மானேஜர் சொன்னார். நானே அடிக்கிறேன் என்றேன். பரீட்சை எழுதாமலே தம்பி எங்கள் ஊரான தூத்துக்குடிக்குப் போனான். ஒரு வருடம் வீணாகி, பிறகு பாலிடெக்னிக் சேர்ந்தான். வாரம் ஒருமுறை ஃபோனில் பேசுவான். அம்மா அழுவாள், அப்பா படிப்பைப் பற்றிக் கேட்பார், நான் புத்தி சொல்வேன். ஆமாம், நான் அவனுக்குப் புத்தி சொன்னேன். பொறுமையைப் பற்றி.

நாலு வருடம் கழித்து, துபாயில் வேலைகள் பறிபோய்க்கொண்டிருந்த காலம். கடையில் கேன்சல்காரர்கள் வாசல்வரை நின்றார்கள். அடுத்தது யார் என்று நான் மூன்று தடவை கூப்பிட்டும் எதிரே நின்றவன் அசையவில்லை. நான்காவது தடவை குரலை உயர்த்தினேன். அவன் தலையைத் திருப்பி, கேட்கிற காதை என் பக்கம் காட்டினான். அப்போதுதான் அந்த யாழ்ப்பாணத்துப் பையன் என்று அடையாளம் தெரிந்தது. எதிர் நாற்காலியைக் காட்டினேன்.

அவன் சாதாரணமாக உட்கார்ந்தான். வேலை போய்விட்டது, தோஹாவில் மாமா ஒருவர் கூப்பிட்டிருக்கிறார், இங்கே விசாவை முடித்துக்கொண்டு போகிறேன் என்றான். பிறகு, “தம்பி சுகமா இருக்கிறானோ?” என்று கேட்டான். இருக்கிறான் என்றேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, அவன் உன்னை மூன்று மாதமாகக் குறிவைத்திருந்தது தெரிந்தும் நான் சொல்லாமல் இருந்துவிட்டேன் என்றேன்.

அவன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான்.

“அக்கா, உங்களுக்கு அவன் சொல்லேல்லையோ? அண்டைக்கு அவன் சண்டைக்கு வரேல்ல. கை குடுக்க வந்தவன்.”

எனக்கு விளங்கவில்லை.

“முதல் நாள் வியாழக்கிழமை நான் வேலை செய்யிற கடைக்கு வந்தவன். டேப் சுத்தின பைப் ஒண்டைக் கொண்டு வந்து என்ர கையில தந்தவன். உனக்கு எண்டு செய்தது, இனி வேண்டாம், இதைத் தூக்கிக்கொண்டு என்னால படிக்க ஏலாது எண்டு சொன்னவன். எனக்கும் ஒரு மாதிரிப் போச்சு. திடலில எல்லாருக்கும் முன்னால முடிப்பம் எண்டு நான்தான் சொன்னனான். எங்கட வழக்கம் அதுதானே, ரெண்டு பேரும் சோடா வாங்கி, போத்திலை மாத்திக் குடிச்சா விசயம் முடிஞ்சுது. அவன் என்ர போத்திலை நீட்டிக்கொண்டு நிண்டவன். அப்பதான் நீங்கள் வந்தனீங்கள்.”

பின்னால் நின்றவர் சீக்கிரம் என்று முணுமுணுத்தார்.

“நானும் சிரிச்சிருக்கக் கூடாது அக்கா. அது என்ர பிழை” என்றான்.

அவன் தாளை எப்படி அடித்து முடித்தேன் என்று தெரியாது. இரண்டு இடத்தில் தப்பு வந்து மானேஜர் திருத்தினார். பின்பக்கம் ஸ்டோருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தம்பிக்கு ஃபோன் போட்டேன். வகுப்பு முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்றான். நடந்ததைச் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன், பாதி அவனுக்குக் கேட்டிருக்காது.

“அவன் காது இப்ப எப்படிக்கா இருக்கு?” என்றான்.

“காத விடு. ஏன்லே சொல்லல? நாலு வருசமா ஏன்லே ஒரு வார்த்தை சொல்லல?”

பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. அவன் குரலில் கோபம் இல்லை, நான் தேடிப் பார்த்தேன், இல்லை.

“அப்பா உன்னத்தானக்கா கேட்டாரு. என்னைய யாரும் கேக்கலல்லா.”

உண்மைதான். நானும் கேட்கவில்லை.